மன்னார் வளைகுடாத் தீவுகள்: 'செத்த பவளம்தானே' என்கிற தவறு

ராமேஸ்வரம் போய்வந்த பழைய குடும்பங்களின் ஷோகேஸில், தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பவளக்கல் இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. உற்றுப் பார்த்தால் மேலெல்லாம் ஊசிமுனைக் குழிகள். குழி ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன உயிர் குடியிருந்திருக்கிறது.

கரையில் ஒதுங்கிய செத்த துண்டுதானே, எடுத்தால் என்ன என்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கிடக்கும் 21 தீவுகளும் பவளத் துண்டும் மணலும் சேர்ந்து உருவானவை. அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது அவற்றைச் சுற்றியுள்ள பார், அதாவது கடலடிப் பவளத்திட்டு. செத்த பவளத்தின் மேல்தான் புதுப் பவளம் ஒட்டி வளரும். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் பாரை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில். காரைச்சல்லியும் சுருங்கிக்கொண்டே வருகிறது. 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா வந்துவிட்டது. பவளத்தைக் காட்டுயிர்ச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது 2001-ல்தான். புலி, யானை இருக்கும் பட்டியல் அது.

கடையில் விற்கிறார்களே என்பதும் சமாதானம் ஆகாது. சங்கிலும் சில வகைகள் பாதுகாப்புப் பட்டியலில் உண்டு. எது எதென்று தெரியாவிட்டால் வாங்காமல் வருவதே நல்லது.

பவளம் வெளுத்துவிட்டால் செத்துவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு. கடல் சூடானால், பவளத்துக்குள் இருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசி வெளியேறிவிடும். நிறமும் அதோடு போய்விடும். 2010-லும் 2016-லும் இங்கே அப்படி வெளுத்தது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். அந்த நேரத்தில் 'வெறும் கல்' என்று மேலே ஏறி நின்றால் மிச்ச உயிரும் போய்விடும்.

தெரிந்த படகுக்காரர் இருக்கிறார் என்று ஆளில்லாத தீவில் இறங்கிச் சமைத்துச் சாப்பிடுவதும் நடக்கிறது. அனுமதியில்லாமல் இறங்கினால் குற்றம். பார்க்க ஆசையா, பாம்பன் பக்கம் குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. கிளம்பும் முன் அன்றைக்குப் படகு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடல் கலங்கியிருந்தால் விடமாட்டார்கள். படகில் ஏறியபின், "அண்ணே, பாருக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட போங்களேன்" என்று மட்டும் கேட்காதீர்கள். நங்கூரம் விழுவது அங்கேதான்.