கையடக்க கன்சோல்: திரையில் கோட்டை விடாதீர்கள்

சொந்தமாகக் கையடக்க கேம் கன்சோல் செய்யக் கிளம்பும் மாணவர்கள், பாகங்களின் பட்டியலை என்னிடம் காட்டுவதுண்டு. பேட்டரி வயரை மாற்றிக் கொடுப்பது, ஸ்க்ரூ நீளம் தப்பிப்போவது எல்லாம் தானாகவே தெரிந்துவிடும். நாங்கள் செய்த தப்பையே இவர்களும் செய்கிறார்களே என்று தோன்றுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

திரையை முதலில் வாங்குவது

கடைசியாக வந்த பையன் 2560×1600 திரையை வாங்கிவிட்டுத்தான் வந்தான். "போன்லயே இப்படித்தான் இருக்குண்ணா" என்றான். போன் பெரும்பாலும் எழுத்தும் படமும் காட்டுகிறது. கேமிலோ ஒவ்வொரு பிக்சலையும் நொடிக்கு அறுபது முறை புதிதாகக் கணக்கிட வேண்டும். ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியின் 1280×800 திரையில் சுமார் 10 லட்சம் பிக்சல். இவன் திரையில் சுமார் 41 லட்சம். வேலை நான்கு மடங்கு, அதற்கேற்ப சிப் இழுக்கும் வாட்டும் கூடும். 40 வாட்-அவர் (Wh) பேட்டரியில் மொத்தக் கருவியும் 10 வாட் எடுத்தால் நான்கு மணி நேரம் ஆடலாம். 25 வாட் என்றால் ஒன்றரை மணி நேரம் சொச்சம்.

பெரிய பேட்டரி போட்டாலும் தீராது. டெக்கில் சிபியுவும், படத்தை வரையும் ஜிபியுவும் ஒரே ரேமைப் பங்கிடுகின்றன. முதலில் வந்த மாடலில் அதன் வேகம் நொடிக்கு 88 ஜிபி. பிளேஸ்டேஷன் 5-இல் 448 ஜிபி. தரவு வந்து சேராவிட்டால் எவ்வளவு நல்ல ஜிபியுவும் சும்மா காத்திருக்கும்.

"சரிண்ணா, ரெசல்யூஷனைக் குறைச்சு ஓட்டிக்கிறேன்." இந்தத் திரையில் 1280×800 ஓட்டினால் ஒரு பிக்சல் சரியாக நான்காக விரியும், அந்தமட்டில் தப்பித்தான். 1080 திரையில் 720 ஓட்டியிருந்தால் கணக்கு ஒன்றரை மடங்கு, எழுத்தெல்லாம் மங்கியிருக்கும். ஆனால் அவன் வாங்கியது நெடுக்குவாட்டில் செய்த டேப்லெட் திரை. அவன் போர்டில் படத்தைச் சுழற்றி அனுப்ப வழியில்லாததால், ஒவ்வொரு ஃபிரேமையும் ஜிபியுவே சுழற்ற வேண்டியிருந்தது. எல்லோரும் பணத்தைக் கொட்டிய பிறகே கேட்க வருகிறார்கள், அதுதான் எரிச்சல்.

எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதிலிருந்து வாட், அப்புறம்தான் பிக்சல். திரைக்குக் கூடுதலாகச் செலவழிப்பதென்றால் 120 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 120 முறை படம் மாற்றும் திரைக்குச் செலவழியுங்கள். அதில் 40 ஃபிரேம் சீராக ஓடும், ஒவ்வொன்றும் 25 மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸில் 40 தடுக்கித் தடுக்கி வரும். 30-க்கு இறங்குவதே மேல்.

1990-இல் வந்த சேகா கேம் கியரும் இதற்கு உதாரணம். வண்ணத் திரையும் பின்னொளியும் ஆறு ஏஏ பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் காலி செய்தன. பின்னொளியே இல்லாத நின்டெண்டோவின் கேம் பாய், நான்கே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடி, சந்தையை அள்ளிக்கொண்டு போனது.

பெஞ்ச்மார்க்

சார்ஜரைச் செருகி எடுத்த வேகச் சோதனை எண்ணைக் காட்டாதீர்கள். 15 வாட்டில் ஓட்டிக் காட்டுங்கள்.

ஜாய்ஸ்டிக்

அசைவைக் காந்தத்தால் அறியும் ஹால் சென்சார் உள்ளதைப் போடுங்கள். 1998-இலேயே சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலில் இருந்தது.

மெமரி கார்டு

உங்களுக்கென்று தனி வடிவக் கார்டு வேண்டாம். சோனியின் கையடக்க கன்சோல் பிஎஸ் வீட்டா அதைச் செய்தது. கார்டு விலையைக் கேட்டே பலர் பின்வாங்கினார்கள். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 போல, வேகமான மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு போடுவதாக இருந்தால், அந்தக் கார்டு நன்றாகச் சூடாகும். ஸ்லாட்டைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.