மழைக்குப் பின் மண்ணைக் கவனித்தல்: நிலம் தேய்வதைச் சிங்கப்பூரிலேயே கண்டறியும் முறை

நிலம் எப்படித் தேய்கிறது என்பதைக் காண மலைநாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. கனமழை விட்டு இடியும் ஓய்ந்த பிறகு புளோக்கின் கீழே இறங்கி, பலரும் குறுக்கே நடந்ததால் புல் அழிந்துபோன ஒற்றையடிப் பாதை ஒன்றைத் தேடுங்கள்.

அங்கே குனிந்து பார்த்தால், சிறு கற்கள் சில மண்தூண்களின் மேல் நிற்பதைக் காணலாம். மழைத்துளிகள் மோதிய வேகத்தில் சுற்றியிருந்த மண் சிதறிவிட, கல்லுக்கு அடியில் இருந்தது மட்டும் தப்பியிருக்கிறது. அருகில் விரலகலத்தில் ஓடும் கோடுகள், நீர் ஒன்றுசேர்ந்து மண்ணை அறுத்த தடங்களாகும்.

அடுத்து, நீர் இன்னும் வடிந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பாதையிலிருந்து ஒரு போத்தலிலும், புல் அடர்ந்த சரிவிலிருந்து மற்றொரு போத்தலிலும் நீரைப் பிடித்து, ஓரிரவு அசையாமல் வையுங்கள். பெரிய வடிகால்களின் பக்கம் மட்டும் போக வேண்டாம். மணல் விரைவில் அடியில் தங்கும். நுண்ணிய களிமண்ணோ நீரை நெடுநேரம் கலங்கலாகவே வைத்திருக்கும். இரு போத்தல்களிலும் படிந்த மண்ணின் உயரத்தை அளவுகோலால் அளந்தால், புல்லும் அதன் வேர்களும் எவ்வளவு மண்ணைக் காக்கின்றன என்பது புலப்படும். ஒருமுறை அளந்து முடிவுக்கு வராமல், மூன்று நான்கு மழைகளுக்காவது இதைத் திரும்பச் செய்வதே சரி.

அந்தக் களிமண் எங்கிருந்து வந்தது? புக்கிட் தீமா, புலாவ் உபின் ஆகிய இடங்களின் கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம், வெப்பத்தாலும் மழைநீராலும் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறுகிறது. அதே கல்லில் உள்ள, எளிதில் மாறாத குவார்ட்ஸ் என்னும் கனிமமோ மணலாக எஞ்சுகிறது. பாறை இருந்த இடத்திலேயே இவ்வாறு நைந்துபோவது சிதைவு. நைந்ததை நீரோ காற்றோ அலையோ அள்ளிச் செல்வதே அரிப்பு. மாணவர்கள் பெரிதும் குழப்பிக்கொள்ளும் வேறுபாடு இது என்பதால் தனியே சொல்கிறேன். புக்கிட் தீமா வனப்பகுதியே சரிவுகளையும் நடைபாதைகளையும் சீரமைப்பதற்காக 2014இல் மூடப்பட்டு, 2016இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஆகவே அங்கே பாதையை விட்டு விலகி நடக்காதீர்கள்.

அலையின் வேலையைக் காணக் கிழக்குக் கடற்கரைப் பூங்கா உகந்தது. 1966இல் தொடங்கிய நிலமீட்புப் பணியில் பிடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகளின் மண்ணைக் கொட்டி உருவாக்கிய கரை அது; அந்த மண்ணைக் கடல் திரும்ப எடுத்துக்கொள்ளாதபடி கற்களாலான அலைதடுப்புகள் அமைக்கப்பட்டன. அலைகள் அவற்றைச் சுற்றி வளைந்து வருவதால், இடைப்பட்ட கரை பிறைபோல் உள்வாங்கியிருக்கும். டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கும்போது, ஒரு மரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை நீர் வற்றும் நேரத்தில் ஒரே இடத்திலிருந்து படமெடுங்கள். மணலில் படிபோன்ற வெட்டு தென்பட்டால், அதன் உயரத்தையும் மரத்திலிருந்து அதற்குள்ள தூரத்தையும் அளந்து, தேதியுடன் குறித்து வையுங்கள்.