அமெரிக்க ராணுவ வீரரின் மனைவிக்கு: ஊரில் பதிவுத் திருமணம் முதல் ஓ.சி.ஐ. வரை

அமெரிக்க ராணுவத்தில் இருப்பவரைக் கட்டிக்கொண்டு ஊரிலிருந்து கிளம்பும் தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் கிரீன் கார்டையும் குடியுரிமையையும் நடத்தப்போவது காலண்டர் இல்லை, உங்கள் வீட்டுக்காரருக்கு வரும் இடமாற்ற ஆர்டர். ஐ.டி. வேலைக்காரர் வீட்டில் மூன்று வருஷம் ஒரே முகவரியில் உட்கார்ந்து காத்திருக்கலாம். நமக்குப் பாதி வழியில் டெக்சாஸ் போய் ஜெர்மனி வந்துவிடும். சட்டத்தில் இதற்கென்றே தனி வழிகள் இருக்கின்றன. அவற்றை நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

என் வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்காரர். டெக்சாஸில் எம்.எஸ். படிக்கப் போன இடத்தில் 'மாவ்னி' திட்டத்தில் ராணுவத்தில் சேர்ந்தார். கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழி அறிவுக்காகவும் மருத்துவத் தகுதிக்காகவும் எடுத்துக்கொண்ட திட்டம் அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் ஆள் எடுப்பது நின்றுவிட்டது. அதற்குள் சேர்ந்து, குடியுரிமையும் வாங்கி, ஊருக்கு வந்து பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் உண்டு. அப்படித் தஞ்சாவூர் பக்கத்திலிருந்து போனவள் நான்.

ஊரை விட்டுக் கிளம்புமுன்

மண்டபத்தில் தாலி கட்டியது போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் உங்கள் கணவர் உங்களுக்காக ஐ-130 என்ற குடும்பக் குடியேற்ற மனு போட முடியும். பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் காவல்துறைச் சான்று, பிறப்புச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். நேர்காணலுக்கு மும்பைத் துணைத் தூதரகம் போக வேண்டியிருக்கும். சம்பளக் கணக்கில் நமக்கு ஒரு சலுகை உண்டு. மற்றவர்கள் வறுமைக்கோட்டு வரம்பில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். பணியில் இருக்கும் வீரர் மனைவிக்காக மனு போட்டால் 100 சதவீதம் போதும். புதிதாகச் சேர்ந்தவரின் சம்பளத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆனால் நம் ஆட்களை உண்மையில் அலைக்கழிப்பது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகிவிடும். முன்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதே எழுத்து கிரீன் கார்டிலும், ராணுவம் வீரர்களின் குடும்பத்தைப் பதிந்துவைக்கும் 'டீர்ஸ்' பதிவிலும், டிரைகேர் மருத்துவ அட்டையிலும் ஒட்டிக்கொண்டு வரும். விசா விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முழுதாக விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுங்கள். எந்தப் பெயர் போட்டீர்களோ, அதே எழுத்துக்கூட்டலைக் கடைசி வரை விடாதீர்கள். குடியுரிமை மனுவில் பெயரை மாற்றிக்கொள்ள ஒரு கேள்வி இருக்கிறது. ஆனால் உறுதிமொழியை நீதிமன்றத்தில் எடுத்தால்தான் அந்த வழியில் பெயர் மாறும். வெளிநாட்டு முகாமில் எடுக்கிறவருக்கு அது உதவாது.

உங்கள் பெயரில் ஒரு கோப்பு

ராணுவக் குடும்பத்தில் எல்லாக் காகிதமும் வீரரின் பெயரில்தான் பிறக்கிறது. அதனால் மனைவிமார் பலர் தங்கள் கிரீன் கார்டு ரசீது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் இருக்கிறார்கள். அவர் திடீரென்று வெளிநாட்டுப் பணிக்குப் போய்விட்டால் அவரது மின்னஞ்சலுக்குள் யார் போவது? எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் கையில், ஒரு ஸ்கேன் உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

கோப்பில் வைக்க வேண்டியவற்றில் பாதியை ராணுவமே தருகிறது. மாதச் சம்பளச் சீட்டில் 'குடும்பத்தோடு' என்ற கணக்கில் வீட்டு வாடகைப் படி வருவது தெரியும். அது நல்ல சாட்சி. டீர்ஸ் பதிவு, டிரைகேர், ஆயுள் காப்பீட்டில் உங்கள் பெயர், சேர்ந்து கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு இவையும் வேண்டும். அவர் மாதக்கணக்கில் வேறு நாட்டில் இருந்தால் 'சேர்ந்து வாழவில்லை' என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். பணிநிமித்தப் பிரிவு மண வாழ்வை முறித்ததாகாது என்று விதியிலேயே இருக்கிறது. அந்தப் பணி ஆர்டரின் நகலைச் சேர்த்து வையுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன், இதைக் கேட்க வெட்கப்படுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அடி உதை இருந்து, 'உன் பேப்பரை நிறுத்திவிடுவேன்' என்று மிரட்டினால், அமெரிக்கக் குடிமகனின் மனைவி கிரீன் கார்டுக்காகத் தானே தனியாக ஐ-360 என்ற மனு போடலாம். அது அவருக்குத் தெரியப்படுத்தப்படாது. கணவர் பணியில் இறந்துபோனாலும் மனைவியின் வழி அடைபடுவதில்லை. கௌரவமாகப் பணியாற்றி இறந்தவரின் மனைவி, கிரீன் கார்டு இருந்தால், வருஷக்கணக்கு ஏதுமின்றிக் குடியுரிமைக்குப் போடலாம்.

கையில் ஆர்டர் வந்தால்

முதலில் அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு முகாமுக்குக் குடும்பத்தோடு போக அனுமதித்த ஆர்டராக இருக்க வேண்டும். உங்கள் பெயர் ஏறாத ஆர்டரோடு சுற்றுலாப் பயணிபோல் போய்ச் சேர்ந்துகொண்டால், நான் கீழே சொல்லும் சலுகைகள் கைநழுவிவிடும்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள் அமெரிக்காவில் இறங்கியவருக்கு இரண்டு வருஷக் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள், அந்த இரண்டு வருஷ நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். வெளிநாட்டில் ஆர்டரோடு இருந்தாலும் போடலாம். கைரேகைக்கு அமெரிக்கா பறக்க வேண்டியதில்லை; முகாமின் ராணுவப் போலீஸிடம் எஃப்.டி.-258 அட்டையில் இரண்டு பிரதி எடுத்து, போட்டோவோடும் ஆர்டர் நகலோடும் அனுப்பலாம். ரசீது வந்ததும் பத்திரப்படுத்துங்கள். கார்டின் காலத்தை 48 மாதம் நீட்டிப்பது அந்தக் காகிதம்தான்.

அமெரிக்காவுக்கு வெளியே ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் கிரீன் கார்டு போய்விடும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கவலை நியாயம். அதிகாரபூர்வ ஆர்டரில் கணவரோடு இருக்கும் மனைவிக்கு விதிவிலக்கு இருக்கிறது. ஆர்டர் நகலைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பயணம் செய்யுங்கள். அமெரிக்காவுக்குள் வீடு மாறினால் 10 நாட்களுக்குள் முகவரி மாற்றம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குடியுரிமைக்கு எந்த வாசல்?

வழக்கமான வழியில் கிரீன் கார்டு வாங்கி மூன்று வருஷம், அந்த மூன்று வருஷமும் குடிமகனான கணவரோடு வாழ்ந்திருக்க வேண்டும். அதில் பாதி நாள் அமெரிக்காவில் உடலோடு இருந்திருக்கவும் வேண்டும். நம் விஷயத்தில் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 319(இ) என்ற பிரிவு கைகொடுக்கிறது: ஆர்டரில் பெயர் ஏறி வெளிநாட்டில் கணவரோடு இருந்த காலத்தை, அமெரிக்காவில் இருந்த காலமாகவே எண்ணிக்கொள்வார்கள். நேர்காணலையும் உறுதிமொழியையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நான் ஜெர்மனியில் அப்படித்தான் முடித்தேன்.

இரண்டாவது வாசல் 319(பி). கணவரை ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் நிறுத்தும் ஆர்டர் வந்திருந்தால், கிரீன் கார்டு உள்ள மனைவி மூன்று வருஷம் காத்திருக்காமலே மனு போடலாம். இதற்கு டிடி-1278 என்ற சான்றிதழைக் கணவரின் படைப்பிரிவு வழியாக வாங்க வேண்டும். அவரோடு வெளிநாட்டில் இருப்பேன், பணி முடிந்ததும் அமெரிக்கா திரும்புவேன் என்று எழுதித் தர வேண்டும். இந்த வழியில் நேர்காணலுக்கும் உறுதிமொழிக்கும் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முன்பே முடிப்பது நல்லது. என் கருத்தில், புதிதாகக் கிரீன் கார்டு வாங்கியவர்கள் இந்த வாசலைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். முகாமில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

வீரருக்குக் குடியுரிமை மனுக் கட்டணம் இல்லை, மனைவிக்கு உண்டு. 2024 ஏப்ரல் கட்டணப்படி ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் 760. அனுப்புவதற்கு முன் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 20 முதல் மனு போடுகிறவர்களுக்குக் குடிமைத் தேர்வு புதியது: 128 கேள்விகளைப் படித்து, கேட்கும் 20இல் 12க்குச் சரியாகச் சொல்ல வேண்டும். பழைய 100 கேள்வித் தாளை யாராவது தந்தால் வாங்காதீர்கள்.

இரட்டைக் குடியுரிமை என்ற ஆசை

அமெரிக்கா உங்களிடம் பழைய பாஸ்போர்ட்டைக் கேட்காது. இந்தியா விடாது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமை எடுத்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. நீங்கள் தனியாக எதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அந்த இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். ஊரில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, தம்பி கல்யாணம் என்று எதுவும் நெருங்கி இருந்தால், உறுதிமொழிக்கு முன்பே போய் வந்துவிடுங்கள். உறுதிமொழிக்குப் பின் அமெரிக்கப் பாஸ்போர்ட், பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்று, பிறகு ஓ.சி.ஐ. என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டை அல்லது விசா என்ற வரிசையில்தான் ஊர் வழி திறக்கும். இடையில் கொஞ்சகாலம் எதுவுமே கையில் இல்லாமல் நிற்பீர்கள்.

ஓ.சி.ஐ. அட்டையைப் பலர் இரட்டைக் குடியுரிமை என்றே நினைக்கிறார்கள். அது வாழ்நாள் விசா. ஓட்டு கிடையாது. வீடு, மனை வாங்கலாம். நஞ்சை, புஞ்சை, தோட்டம் வாங்க முடியாது. அப்பா வழியில் வாரிசாக வரும் வயலை வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் குடியேறிவிட்டால் இந்தியக் குடியுரிமை இருந்தாலும் விவசாய நிலம் வாங்க முடியாது; உங்கள் பெயரில் நிலம் வாங்கும் எண்ணம் வீட்டில் இருந்தால், அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும்.

இனி நம் குடும்பங்களுக்கே உரிய வலி. வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும் இந்தியா ஓ.சி.ஐ. தருவதில்லை. புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர் என்பதெல்லாம் கணக்கில் வராது. எனக்குக் கிடைக்கும், பிள்ளைகளுக்குக் கிடைக்கும், அவருக்குக் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் விசா வாங்கித்தான் அவர் தன் அம்மாவைப் பார்க்கப் போகிறார். விண்ணப்பத்தில் ராணுவப் பணி பற்றிய கேள்வி வரும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மாமனார் மாமியாருக்கு வயதாகிவிட்டால், காலாவதியாகாத விசா ஒன்று அவர் பாஸ்போர்ட்டில் எப்போதும் இருக்கும்படி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சாவு வீட்டுக்கு விசா காத்திருக்காது.

ஈழத்திலிருந்து வந்த சகோதரிகளுக்கு நிலைமை வேறு. இலங்கை இரட்டைக் குடியுரிமையை விண்ணப்பத்தின் பேரில் அனுமதிக்கிறது. உறுதிமொழிக்கு முன்பே தக்கவைத்துக்கொள்ளவும், இழந்த பின் மீண்டும் பெறவும் தனித்தனி வழிகள் உண்டு.

பிள்ளை வெளிநாட்டு முகாமில் பிறந்தால்

ஜெர்மனியில் இருக்கும் அமெரிக்க முகாம் அமெரிக்க மண் ஆகாது. அங்கே பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை பெற்றோர் வழியாகத்தான் வரும். அப்பா மட்டும் குடிமகன் என்றால், பிரசவத்துக்கு முன் அவர் மொத்தம் ஐந்து வருஷம் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும், அதில் இரண்டு வருஷமாவது 14 வயதுக்குப் பின். மாணவராக இருந்த காலமும், கௌரவமாகப் பணியாற்றிய வெளிநாட்டு ராணுவக் காலமும் அதில் சேரும். அதனால் அவருடைய கல்லூரி மதிப்பெண் பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவை எடுத்துவிட்டால் பாஸ்போர்ட்டுக்குச் சிக்கல் இல்லை.

எங்காவது தடுக்கினால் முகாமின் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள், கட்டணம் இல்லை. குடியேற்றத் துறைக்கு ராணுவக் குடும்பங்களுக்கென்றே தனித் தொலைபேசி இருக்கிறது: 877-247-4645. ரசீது எண்ணையும் ஆர்டரில் உள்ள கிளம்பும் தேதியையும் முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள். தேதி நெருங்கிவிட்டது, விரைவுபடுத்த வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.