வெப்பமண்டல நாட்டுக்கு முதல் பயணமா? உடம்பைக் காக்கும் வழி, படிப்படியாக

முதன்முறை போனபோது பெட்டி நிறைய மாத்திரை கொண்டுபோனேன். பாட்டில் தண்ணீர் தவிர வேறெதையும் குடிப்பதில்லை என்று பீற்றிக்கொண்டும் இருந்தேன். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கில் சுருண்டு படுத்த பிறகுதான் உறைத்தது: பழச்சாற்றில் மிதந்த ஐஸ்கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று நான் கேட்கவே இல்லை. காலையில் பல் துலக்கியதும் குழாய்த் தண்ணீரில்தான். அன்று எனக்குத் தேவைப்பட்டது ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள். அத்தனை மாத்திரைக்கு நடுவே அது மட்டும் இல்லை.

படி 1: மருத்துவரைப் பாருங்கள்

புறப்பட 4 முதல் 6 வாரங்கள் இருக்கும்போதே போய்விடுங்கள். நாட்டின் பெயர் மட்டும் போதாது. காட்டுப் பகுதியா, நகரமா, எத்தனை நாள் என்பதையும் சொல்லுங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகள் தேவையா என்று அவர் முடிவு செய்வார். சில நாடுகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பிறகே அது செல்லும் என்பதால் கடைசி நேரத்தில் ஓடிப் பயனில்லை. 2016 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும். மலேரியாத் தடுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால், ஊர் திரும்பிய பிறகும் எத்தனை நாள் விழுங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் 4 வாரம்.

படி 2: வாய்க்குள் போவதைக் கவனியுங்கள்

தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் போதும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியில் மூன்று நிமிடம். பாட்டில் வாங்கினால் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உணவு ஆவி பறக்க வரட்டும். பழத்தை நீங்களே தோலுரித்துத் தின்னுங்கள்; யாரோ நறுக்கி வைத்தது வேண்டாம். ஐஸைப் பற்றி நான் இனியும் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: வயிறு கெட்டுவிட்டால்

இவ்வளவுக்குப் பிறகும் கெடலாம். ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். ஓ.ஆர்.எஸ். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்துக் கரையுங்கள். கரண்டியில் குவித்து அள்ளாதீர்கள். கத்தியின் முதுகால் வழித்துச் சமமாக்குங்கள். உப்பு கூடினால் ஆபத்து. நாக்கில் வைத்துப் பாருங்கள்: கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. சர்க்கரை சுவைக்காக மட்டும் அல்ல. சிறுகுடல் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்தே உறிஞ்சுகிறது, அவற்றோடு தண்ணீரும் உள்ளே போகிறது. வெறும் தண்ணீர் இந்த வேலையைச் செய்யாது. வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, மிடறு மிடறாகத் தொடருங்கள். மலத்தில் இரத்தமோ கடுமையான காய்ச்சலோ இருந்தால் கைவைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 4: கொசு

இரவில் வலை கட்டிக்கொண்டால் போதும் என்பது பாதி உண்மை. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸோ பகல்காரி; காலையிலும் மாலை சாய்வதற்கு முன்பும் அவளுக்கு மும்முரம். (கடிப்பதெல்லாம் பெண் கொசுக்கள்தான்.) ஆகவே பகலிலும் முழுக்கைச் சட்டை போடுங்கள், டீட் (DEET) என்ற வேதிப்பொருள் 20 முதல் 30 சதவீதம் உள்ள கொசுவிரட்டியைப் பூசுங்கள். வெயில் கிரீமும் பூசுவதானால் முதலில் அது, அதன் மேல் விரட்டி. வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகி, டார்ச் அடித்து ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். என் வலையில் ஒருமுறை விரல் நுழையும் ஓட்டை இருந்தது. ரப்பர் வளையத்தால் முடிந்துவிட்டுத் தூங்கினேன்.

படி 5: வெயில், விலங்கு

உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் சில நாட்கள் உச்சிவெயிலில் மலையேறத் திட்டமிடாதீர்கள். சிறுநீர் அடர்மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை. வெயிலில் ஒருவர் பேச்சு குழறித் தடுமாறினால் அது வெறும் களைப்பு அல்ல. நிழலுக்கு இழுத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்.

நாயோ குரங்கோ கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஊசிக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள்.

படி 6: காய்ச்சல் வந்தால்

டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டாம்; இரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போதும். மலேரியா இருக்கும் பகுதி என்றால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

ஊர் திரும்பியதும் எல்லோரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு. மலேரியா மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்பதற்கு முன் எந்த நாட்டுக்குப் போனீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தேதி நினைவில்லையா, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.