ஒரு சென்ட் வயல்: பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு குறுவை

வேனில் ஏற்றிப் போய், வரப்பில் நடக்கவிட்டு, மதியத்துக்குள் திரும்பினால் பிள்ளைகள் மனதில் நிற்பது பம்புசெட் குளியல் மட்டும்தான். ஒரே வயலுக்கு ஒரே போகத்தில் நான்கு முறை போங்கள். காவிரி டெல்டாவில் ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல் போகமான குறுவை இதற்குத் தோது. ஜூன் 20 வாக்கில் விதைத்தால், கோ 51 போன்ற 105–110 நாள் ரகம் அக்டோபர் முதல் வாரத்தில் அறுவடைக்கு வரும். காலாண்டுத் தேர்வு முடிந்திருக்கும், அடைமழை பிடித்திருக்காது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வரத் தாமதமாகலாம். அதனால் பம்புசெட் உள்ள விவசாயியாகப் பாருங்கள்.

அவரிடம் கேட்க வேண்டியது பாதையோரமாக ஒரு சென்ட், எட்டு மீட்டருக்கு ஐந்து மீட்டர். அதில் பூச்சிமருந்து படக்கூடாது. மற்ற வயலுக்கு அடிக்கும் மருந்து காற்றில் வந்து விழாத பக்கமாக இருக்கட்டும். அவருக்கும், நடவு தெரிந்த ஒரு அம்மாவுக்கும் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை. ஆசிரியர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டால் போதும்.

முதல் நாள் விதைத் தேர்வு. பத்து லிட்டர் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்துக்கொண்டே வாருங்கள். நல்ல முட்டை மிதந்து, அதன் மேல்பகுதி பழைய நாலணா அளவுக்கு வெளியே தெரிந்தால் பதம் சரி. ஏறக்குறைய ஒன்றரை கிலோ உப்பு பிடிக்கும். கால் கிலோ விதையைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். மூழ்கியதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், உப்பு தங்கினால் முளைப்பு கெடும். உப்புத்தண்ணீரை வயலில் ஊற்றக்கூடாது.

நடவுதான் பெரிய வேலை. திருந்திய நெல் சாகுபடி முறையில் 14 நாள் நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி, குத்துக்கு, அதாவது நாற்று ஊன்றும் ஓர் இடத்துக்கு, ஒரே நாற்று. எட்டு மீட்டர் கயிற்றில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு வண்ணத் துணி கட்டுங்கள். எட்டுப் பிள்ளைகள் மீட்டருக்கு ஒருவராக நின்று ஆளுக்கு நாலு குத்து வைத்து, பின்பக்கமாக நகர வேண்டும். முன்னால் நகர்ந்தால் நட்டதையே மிதிப்பார்கள். ஏழெட்டு வரிசைக்கு ஒரு முறை ஆள் மாற்றினால் 24 பேருக்கும் வேலை கிடைக்கும், 640 குத்தும் முடியும். விரலால் ஆழமாக அமுக்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. ஆழம் போன நாற்று தூர்கட்ட, அதாவது பக்கக் கிளைப்பு விட, தாமதமாகும், ஒரு விரற்கடைக்குள் நிறுத்துங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் நாற்று மிதந்துவிடும், சேறு மினுமினுக்கிற அளவு ஈரம் போதும். கோணல் வரிசையை விட்டுவிடுங்கள், பயிருக்கு அது பெரிய குறையில்லை.

காலில் வெட்டோ புண்ணோ இருக்கும் பிள்ளை சேற்றில் இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரலாம். அவர்களுக்கு நாற்றுப் பிரிக்கும் வேலை கொடுங்கள். ஆறு பேருக்கு ஒரு பெரியவர், மோட்டார் கொட்டகைப் பக்கமும் கிணற்றடியிலும் தனியாக ஒருவர். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை எது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். காலை ஏழுக்கு இறங்கி பத்தரைக்குள் கரையேறிவிடுங்கள்.

ஆகஸ்டில் களையும் பூச்சியும். ஆளுக்குப் பத்துக் குத்தைப் பார்க்கட்டும். பயிருக்கு உதவும் சிலந்தி, தட்டான், பொறிவண்டு ஒரு பக்கம். பயிரைக் கெடுக்கும் பச்சைத் தத்துப்பூச்சி, குருத்துப்பூச்சியின் முட்டைக்குவியல் மறுபக்கம் என்று எழுதச் சொல்லுங்கள். இலை நுனிக்கருகே வெளிர்பழுப்பு ரோமம் போர்த்திய சிறு திட்டுதான் அந்த முட்டை. பெரியவர்களே பல சமயம் கவனிக்காமல் விடுவார்கள், பிள்ளைகள் கண்ணில் டக்கென்று படும்.

அறுவடைக்குப் பெற்றோரையும் அழையுங்கள். கதிர் அரிவாள் பெரியவர் கையில், கட்டுத் தூக்குவதும் முறத்தில் தூற்றுவதும் பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் நட்ட சென்டில் 15–20 கிலோ வரலாம். தார்பாயில் காயவைத்து, மணியைக் கடித்தால் ‘கடக்’கென்று உடைகிறதா பாருங்கள். ஈரத்தோடு அரைத்தால் அரிசி நொய்யாகும். பல ஆலைகளில் மூட்டைக்குக் குறைந்து அரைக்க மாட்டார்கள். விவசாயி தன் நெல்லை அரைக்கும் நாளில் உங்கள் நெல்லையும் எடை போட்டுச் சேர்த்துவிட்டு, கிலோவுக்கு 600–650 கிராம் என்று அரிசியாக வாங்கிக்கொள்ளுங்கள்.