பழைய சமையலறை அலமாரிகளுக்குக் குறைந்த செலவில் புதுச் சாயம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரங்களில், இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வரிசை வீடுகளின் சமையலறை அலமாரிகள் பெரும்பாலும் உடல் கெடாமலே இருக்கின்றன. கதவுகளின் முகம்தான் மஞ்சளேறி, கைபிடியைச் சுற்றிக் கறுத்து, அடுப்புப் பக்கம் பிசுபிசுத்துக் கிடக்கும். அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய அலுமினிய அலமாரி போட ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) தேவைப்படும். சாயம் பூசினால் அதில் சிறு பங்கே செலவாகும். ஆனால் அந்தச் சிறு பங்கில் பெரும் பகுதியும் உழைப்பில் பெரும் பகுதியும் சாயத்துக்கு அடியில் நடக்கும் வேலைக்கே போக வேண்டும்.

முதலில் எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கழுவுதொட்டியின் கீழ் நீர் கசிந்து உப்பிப்போன துகள் பலகை பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தப் பலகையை மட்டும் மாற்றுவதே சிக்கனம். கரையான் அரித்திருக்கிறதா என்று மூலைகளைத் தட்டிப் பாருங்கள். கதவு ரப்பர் மரத்தால் ஆனதாக இருந்தால் நல்லது, ஏனெனில் அது சீரான இழையுள்ள மரம், சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பால் வற்றி வெட்டப்பட்ட நம் தோட்டத்து மரங்கள்தாம் இந்த நாட்டின் மேசை நாற்காலிகளாகவும் அலமாரிக் கதவுகளாகவும் மாறுகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மெலமின் என்னும் கெட்டியான பிசின் தகடு ஒட்டிய வழவழப்பான கதவுகளுக்கும் சாயம் பூசலாம், ஆனால் அவற்றுக்கு அடிப்பூச்சு சரியாக அமைய வேண்டும். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறை உரிந்து தொங்கினால், முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றி முழுவதையும் உரித்துவிடுங்கள். உரிந்த உறையின் மேல் பூசிய சாயம் உறையோடு சேர்ந்தே விழும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். நம் வீடுகளில் சாயம் பூசும் எண்ணம் தீபாவளிக்கு முந்திய வாரங்களில்தான் எழுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரை மாநிலங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், ஈரக் காற்றில் பூச்சு காயாமல் பிசினாக நிற்கும். ஜூன், ஜூலை மாதங்களில் மழை குறைவு. எந்த மாதமானாலும் காலையில் தொடங்கி நண்பகலுக்குள் அன்றைய பூச்சை முடித்துவிடுங்கள். மழை பெய்த மாலையில் விளக்கடியில் காயவைத்தால் ஈசல்கள் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வேலையைத் தொடங்குமுன் எரிவாயுத் தோம்பை மூடி வெளியே எடுத்துவைத்துவிடுங்கள். கதவுகளைக் கழற்றும்போது கீல் பொருந்தும் இடத்தில் ஒட்டுநாடா ஒட்டி எண் எழுதுங்கள். எல்லாக் கதவும் ஒரே அளவாகத் தோன்றினாலும் மாற்றி மாட்டினால் இடைவெளி கோணும்.

இனி எண்ணெய்ப் பிசுக்கு. ஆண்டுக்கணக்கில் தாளிப்பும் பொரியலும் படிந்த பரப்பில் எந்த விலையுயர்ந்த சாயமும் நிற்காது. வெந்நீரில் பாத்திரச் சவர்க்காரம் கலந்து துடைத்து, பிடிவாதமான இடங்களில் சலவைச் சோடாக் கரைசலைக் கையுறையோடு பயன்படுத்தி, பிறகு வெறும் நீரால் இரண்டு முறை துடையுங்கள். துகள் பலகையின் விளிம்பை நனைய விடாதீர்கள். காய்ந்தபின் சில துளி நீர் தெளித்துப் பாருங்கள்: மெலமினிலோ பழைய சாயத்திலோ நீர் உருண்டு திரண்டு நின்றால் பிசுக்கு இன்னும் இருக்கலாம், மீண்டும் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

முழுவதும் உலர்ந்த பிறகு 180 அல்லது 240 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேயுங்கள். ஆழமாகத் தேய்க்கத் தேவையில்லை. முன்பே எண்ணெய்ச் சாயம் பூசிய மிகப் பழைய கதவாக இருந்தால், அதில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல் ஈரத்தில் பயன்படுத்தும் உப்புத்தாளால் தேய்த்து, குழந்தைகளை அப்பால் வையுங்கள். பள்ளங்களை மர மக்கால் (வுட் புட்டி) நிரப்பி, தூசியை ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள்.

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், வழவழப்பான பரப்பில் ஒட்டுவதற்கென்றே விற்கும் அடிப்பூச்சில் போடுங்கள் என்பேன். மெலமின் கதவுக்கு அது தவிர்க்க முடியாதது. ஒரு கதவின் உட்புறத்தில் சிறிது பூசி, இரண்டு நாள் கழித்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உரிந்தால் தேய்ப்போ கழுவலோ போதவில்லை என்று பொருள். மேற்பூச்சுக்கு நீர் சார்ந்த எனாமல் எனக்கு ஏற்புடையது: வாடை குறைவு, வெள்ளை நிறம் மஞ்சளாகாது, இரண்டாம் பூச்சை அன்றைக்கே போடலாம். எண்ணெய் எனாமல் கடினமாகக் காய்ந்தாலும் வாடை நீடிக்கும், வெளிச்சமில்லாத இடத்தில் வெள்ளை மஞ்சளேறும். சுவருக்கு வாங்கி மிஞ்சிய சாயத்தை மட்டும் பயன்படுத்தாதீர்கள். கதவும் சட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அளவைக் கணக்கிட்டே வாங்குங்கள். 40 செ.மீ. அகலமும் 70 செ.மீ. உயரமும் கொண்ட பத்துக் கதவுகளின் வெளிப்புறம் 2.8 சதுர மீட்டர். வெளியே இரண்டு பூச்சு, உள்ளே ஒரு பூச்சு, சட்டத்துக்கும் சேர்த்தால் ஏறத்தாழ 11 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் பொதுவாக 10 முதல் 12 சதுர மீட்டருக்கு வரும் என்பதால், கவனமாகப் பூசினால் ஒரு லிட்டரில் முடியும்.

கதவுகளைக் கட்டைகளின் மேல் படுக்கவைத்து, பின்புறத்தை முதலில், முன்புறத்தைப் பிறகு, சிறிய நுரை ரோலரால் மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சே நீடிக்கும். இடையில் 320 எண் தாளால் இலேசாகத் தடவுங்கள். மறுநாள் தொட்டால் ஒட்டாது என்பதற்காகக் கடினமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முழு உறுதி பெற இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை கதவுகளை அழுத்தி மூடாமலும் சவர்க்காரம் போட்டுத் துடைக்காமலும் இருங்கள்.

கைபிடிகளை மாற்ற விரும்பினால், பழைய திருகுத் துளைகளுக்கு இடையேயான தூரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 96, 128 மி.மீ. அளவுகளே அதிகம் கிடைக்கும், அளவு பொருந்தினால் புதிதாகத் துளையிட வேண்டியதில்லை.