தமிழ்99: கீபோர்டைப் பார்க்காமல், பிழையில்லாமல் வேகமாக டைப் செய்யும் முறை

“அம்மா” என்று அடிக்க ஆங்கில ஒலிப்பு முறையில் (ammaa) ஐந்து தட்டு வேண்டும். தமிழ்99 என்ற கீபோர்டு எழுத்தமைப்பில் அ, ம, ம, ஆ என்று நான்கே போதும். புள்ளி தானாக விழுந்துவிடும். நாளெல்லாம் தமிழில் எழுதுகிறவருக்கு இந்த மிச்சம் சின்ன விஷயமல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்தமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். அதனால் உயிர்மெய் அடிக்கும்போது இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

படி 1: அமைப்பைச் சரிபார்ப்பது

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டு பட்டியலில் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் மொழி மாறும். மேக்கிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது.

இப்போது ஒரு சோதனை: க-வை இரண்டு முறை தட்டுங்கள். “க்க” வந்தால் சரி. “கக” என்றே நின்றால் தானியங்கிப் புள்ளி வேலை செய்யவில்லை. வேறு மென்பொருள் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாத தமிழ்99-இல் பழகுவது வீண் உழைப்பு.

கீபோர்டில் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் கீழேயே போகும். தமிழ்99 கீபோர்டின் படத்தைத் திரையின் ஓரத்தில் திறந்து வையுங்கள்.

படி 2: விரல்களுக்கு வீடு

எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு தடவிப் பார்த்தால் தெரியும். தமிழ்99-இல் எஃப் தட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி விழும், ஜே தட்டினால் ப. ஆள்காட்டி விரல்கள் அங்கே நின்றால், இடக்கையில் சுண்டுவிரலிலிருந்து அ, இ, உ, புள்ளி. வலக்கையில் ப, ம, த, ந. எ, க இரண்டையும் ஆள்காட்டி விரல்கள் உள்பக்கமாக நகர்ந்து அடிக்கும். ய வலது சுண்டுவிரலுக்கு. மணிக்கட்டை மேசையில் அழுத்தி ஊன்றாதீர்கள். ஊன்றினால் சுண்டுவிரல் எட்டாது, வலியும் வரும்.

இந்த ஒரு வரிசையிலேயே நிறையச் சொற்கள் அடிக்கலாம்: அது, கத்தி, கம்பி, தகுதி, இதயம், பந்தயம், தயக்கம். “இந்தப் புத்தகம் புதிது” என்று முழு வாக்கியமே அமைந்துவிடும். காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் என்று ஒரு வாரம் இதிலேயே இருங்கள். அவசரப்பட்டு மேல் வரிசைக்குத் தாவுகிறவர்கள்தான் ஒரு மாதம் கழித்தும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

படி 3: புள்ளியை எப்போது அடிக்கக் கூடாது

ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்ற இன இணைகளுக்கும் அப்படித்தான். “மன்றம்” அடிக்க ம, ன, ற, ம, புள்ளி: ஐந்து தட்டு. நடுவில் உள்ள புள்ளியை நீங்களும் அடிக்கப் பழகினால் பிறகு அதை மறப்பது பெரும்பாடு.

இந்த வசதி காலை வாரும் இடங்களும் உண்டு. “பப்பாளி” அடிக்க ப, ப, ப என்று தட்டினால் “ப்பப” என்று வரும். முதல் ப-வுக்குப் பின் அ-வைத் தட்டுங்கள்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. தத்துவம், சச்சரவு, மமதை எல்லாவற்றுக்கும் இதே வழி.

இன்னொரு வழக்கமான தடுமாற்றம் கொம்பு. “கொ” எழுத்தில் கொம்பு முன்னால் தெரிவதால் கை முதலில் எ-வுக்குப் போகும். பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். இங்கே காதுக்குக் கேட்கும் வரிசைதான் கணக்கு: க, பிறகு ஒ. இரண்டே தட்டு.

படி 4: மேல், கீழ் வரிசைகள்

மேல் வரிசை: ஆ, ஈ, ஊ, ஐ, ஏ, ள, ற, ன, ட, ண, ச, ஞ. கீழ் வரிசை: ஔ, ஓ, ஒ, வ, ங, ல, ர, கடைசியில் ழ. வ, ங இரண்டு மட்டும் மெய்யாக இருந்தும் இடது ஆள்காட்டிக்கு. ங-வை வலக்கையால் அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள், அடுத்து வரும் க-வுக்கு அந்த விரல் தேவை.

சிக்கல் முழுக்க வலக்கையில் இரண்டு விரல்களில்தான். சுண்டுவிரலுக்கு ந, ண, ச, ஞ, ய, ழ என்று ஆறு எழுத்து. ச-வை எட்டும்போது கை மொத்தமும் நகர்ந்து, திரும்பி வரும்போது ஒரு விசை தள்ளி உட்கார்ந்துவிடும். அப்புறம் அடிப்பதெல்லாம் தப்பு. ஆள்காட்டியை ப-வின் மேட்டில் தொட்டபடியே சுண்டுவிரலை மட்டும் நீட்டுங்கள். பயிற்சிக்கு: பச்சை, மஞ்சள், இஞ்சி, ஞாயிறு, யோசனை, பழைய, செய்தி.

ஆள்காட்டிக்கும் ஆறு: ப, க, ள, ற, ல, ர. “பரபரப்பு” அடித்துப் பாருங்கள். ஏழு தட்டில் ஆறு அந்த ஒரே விரலுக்கு. இம்மாதிரிச் சொற்களில் வேகம் குறைவது இயல்பு. நடுவிரலைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளுக்கு ஷிஃப்ட் வேண்டும். நான்கும் இடக்கை விசைகள், ஆகவே வலப்பக்க ஷிஃப்ட்.

படி 5: வேகத்தை அளப்பது

இந்த வாக்கியத்தை அடியுங்கள்: “நாளை காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் சந்திப்போம்.” இடைவெளி, முற்றுப்புள்ளி சேர்த்து 53 தட்டு. ஐந்து தட்டை ஒரு சொல் என்று கணக்கு வைத்தால், 30 விநாடியில் முடிப்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொல். 21 விநாடி என்றால் 30 சொல். இணையத்தில் உள்ள சில வேகச் சோதனைகள் தட்டை விட்டுவிட்டுத் திரையில் உள்ள குறியீடுகளை எண்ணும். “அம்மா”வுக்கு அவை அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து போடும், நீங்கள் தட்டியதோ நான்கு. அங்கே காட்டும் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம்.

நூறு தட்டுக்கு மூன்று பிழைக்கு மேல் போனால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு பிழையைத் திருத்த, அழிக்க ஒரு தட்டு, மறுபடி அடிக்க ஒரு தட்டு, அதோடு தாளமும் போகும். தமிழில் இன்னொரு தொல்லை: “கொ”வை ஒருமுறை அழித்தால் பெரும்பாலும் க மிஞ்சி நிற்கும். அதைக் கவனிக்காமல் தொடர்ந்தால் பிழை இரட்டிக்கும். கண்ட்ரோலோடு பேக்ஸ்பேஸ் தட்டிச் சொல்லையே அழித்து முழுதாக அடிப்பது மேல். விரலும் அந்தச் சொல்லைச் சரியாகக் கற்றுக்கொள்ளும்.

படி 6: பிழைகளைப் பிரித்துப் பார்ப்பது

ஒரு பக்கம் அடித்ததும் தவறான சொற்களைத் தாளில் எழுதுங்கள். ன-வுக்குப் பதில் ட விழுந்தால் விரல் பிழை. அடுத்த விசை அது. ன-வுக்குப் பதில் ண விழுந்தால் பெரும்பாலும் எழுத்துப் பிழை. இரண்டும் இரண்டு விசை தள்ளி, வேறு வேறு விரலில் இருக்கின்றன. ர-ற, ல-ள-ழ குழப்பமும் இந்த ரகம்தான். “கருப்பா, கறுப்பா” என்று மனம் தயங்கும் அரை விநாடிக்கு விரல் பயிற்சி உதவாது. அகராதியைப் புரட்டிச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு, அந்தச் சொல்லைப் பத்து முறை அடியுங்கள்.

அரசின் தமிழ்த் தட்டச்சுத் தேர்வுக்கு வகுப்புக்குப் போகிறவர்கள் இதை இப்போது தொடங்க வேண்டாம். அங்கே பழைய தட்டச்சுப் பொறியின் எழுத்தமைப்பு. இரண்டையும் ஒரே சமயத்தில் பழகினால் இரண்டிலும் கை தடுமாறும். தேர்வு முடியட்டும்.